லினக்ஸ் பழகலாம் வாங்க – ஒரு பேங்க்காரனின் குறிப்புகள்

ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வேணும்னு பதிஞ்சுக்கிட்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தர்றதா அறிவிச்சாங்க. அதிலிருந்து மஸ்கட்டில் எங்க வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும் ஒரே கேள்வி. "சார், லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 இதுல ஏறாதுன்னு சொல்லுது. தூக்கிப் போட்டுடலாமா?"

தூக்கிப் போட வேண்டாம். அதில் லினக்ஸ் போட்டுப் பழகலாம். எப்படின்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முன்னறிவிப்பு: நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவன். அதனால உதாரணமெல்லாம் லெட்ஜர், சாவி, டே-எண்ட் என்றுதான் வரும். பொறுத்துக்குங்க :-)

ஏன் மாறணும்?

"அப்டேட் வராட்டி என்ன, பெட்டி ஓடத்தானே செய்யுது?" என்று கேட்கிறவங்களுக்கு ஒரு பேங்க் செய்தி. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. அதற்கப்புறமும் இந்தியாவில் ஏராளமான ஏ.டி.எம்.கள் எக்ஸ்பியில்தான் ஓடிக்கிட்டு இருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. ஆதரவு நின்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் ஏ.டி.எம்.களை 2019 ஜூனுக்குள் தவணை தவணையா மாற்றியே ஆகணும் என்றது. கால் பங்கு, பாதி, முக்கால், முழுசு என்று ஒவ்வொண்ணுக்கும் கெடு வைத்தது.

நெட் பேங்கிங் பண்ணுகிற வீட்டு லேப்டாப்பும் ஒரு குட்டி ஏ.டி.எம்.தான். பூட்டு செய்தவனே 'இனி ரிப்பேர் பார்க்க மாட்டேன்' என்று சொன்ன கதவை வைத்துக்கொண்டு பணத்தை உள்ளே வைக்கிறது புத்திசாலித்தனம் இல்லை.

போனக்காட்டுக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

என் ஊர் போனக்காடு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். திருவனந்தபுரம் மாவட்டம், விதுராவுக்கு மேலே, அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடக்க ஆரம்பிக்கும் இடம். தேயிலைத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயத்தில் இருக்கிற ஊர். தொண்ணூறுகளின் கடைசியில் எஸ்டேட் நலிய ஆரம்பித்தது. பேக்டரி மூடிக் கிடக்கிறது. போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். இப்ப இந்த ஊரை யூடியூபில் தேடினால் '25 ஜி.பி.' என்ற பேய் பங்களாதான் முதலில் வரும். (உபுண்டு லினக்ஸ் போட டிஸ்கில் எவ்வளவு இடம் காலியா வேணும் தெரியுமா? அதுவும் 25 ஜி.பி.! பேய் வராது, கவலைப்படாதீங்க.)

பேரில்தான் 'போன்' இருக்கிறது. 2020-இல் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தபோது எங்க லயத்துப் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி மேட்டுக்கு ஏறியதுதான் நடந்தது. இன்னைக்கும் அக்காகிட்ட பேசணும்னா அவள் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடிக்கு வந்தாகணும்.

அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் மகள் விதுராவில் பள்ளிக்கூடம் போகிறாள். 2025 ஓணம் லீவுக்குப் போனபோது நான் பல வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைப் பார்த்தேன். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப், 4 ஜி.பி. ராம். விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். 2.0 சமாச்சாரத்தைக் கூட விட்டுடுங்க, இன்டெல்லில் பொதுவா எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அது ஏற்கும். புதுசு வாங்கித் தர்றேன் என்றேன். அக்கா மகள் சொன்ன பதில்: "எதுக்கு மாமா? ஸ்கூல்ல இருக்கற லினக்ஸ டீச்சர் பென்டிரைவ்ல தருவாங்க. அதப் போட்டா போதும்."

எட்டாவதில் இருந்து லினக்ஸில் வேலை செய்கிற பிள்ளை. எனக்கு ஆச்சரியமில்லை, ஏன்னா கேரளாவில் எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான்.

கேரளக் கதை, சுருக்கமா

ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-இல் ஆரம்பித்தது லினக்ஸ். அதற்கு முன்பே 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். சாப்ட்வேரை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 2001 ஜூலையில் அவர் திருவனந்தபுரம் வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதே 2001-இல்தான் கேரளாவின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும் வந்தது. முதலில் விண்டோஸில் ஆரம்பித்த பாடம் படிப்படியா லினக்ஸுக்கு மாறி, 2008-க்குள் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே முழுக்கக் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு 22.04-ஐ அடிப்படையாக வைத்து அவர்கள் 2024-இல் வெளியிட்டதுதான் 'கைட் குனு/லினக்ஸ் 22.04'. லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்ஸ்கேப், ஜியோஜீப்ரா எல்லாம் உள்ளேயே வரும்.

நம்ம தமிழ்நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை சி-டாக் 2007-இல் 'பாஸ்' லினக்ஸ் வெளியிட்டது. 2011-இல் ஆரம்பித்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வந்தது. ஆனா பெட்டியில் இருப்பது வேறு, பாடத்தில் இருப்பது வேறு. பரீட்சைக்கு வராத பக்கத்தை எந்தப் பிள்ளை திறக்கும்?

அக்கா மகள் சொன்னதில் நான் கவனித்தது 'டீச்சர் பென்டிரைவ்ல தருவாங்க' என்பதைத்தான். பல ஜி.பி. கோப்பைப் போனக்காட்டில் டவுன்லோட் செய்ய முடியாது. டீச்சர் பென்டிரைவில் போட்டுத் தரலாம், அது திருட்டு காப்பி இல்லை, சட்டப்படியே சரி. ரேஞ்ச் இல்லாத ஊருக்கு அந்த அனுமதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது பலா மரத்தடியில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சரி, குறிப்புகளுக்கு வருவோம்.

1. முதலில் வேலையை எழுதுங்க, பட்டனை அல்ல

2006-இல் எங்க கிளை கோர் பேங்கிங்குக்கு மாறியது. அப்ப எங்க ஹெட் கிளார்க்குக்கு ஐம்பத்தஞ்சு வயசு. இளவட்டங்களான நாங்க "பழைய சாப்ட்வேர்ல எஃப்7 அமுக்கினா வருமே, அது இதுல எங்கே?" என்று தேடிக்கிட்டு இருந்தப்ப, அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். இடது பக்கம் தினம் செய்கிற வேலை: டி.டி. போடணும், பாஸ்புக் பதியணும், எஃப்.டி. புதுப்பிக்கணும். வலது பக்கம் காலி. ஒவ்வொரு வேலையையும் புதுசில் செய்து முடிக்கும்போது அந்த வழியை எழுதினார். மூணு வாரத்தில் வலது பக்கம் நிரம்பிடுச்சு. கிளையிலேயே முதலில் பழகினவர் அவர்தான்.

லினக்ஸுக்கும் அதே நோட்டுதான். 'ஸ்டார்ட் பட்டன் எங்கே, சி டிரைவ் எங்கே' என்று தேடினால் நாள் முழுக்க இல்லாத ஒண்ணைத் தேடிக்கிட்டு இருப்பீங்க. 'ஊருக்குப் பணம் அனுப்பணும், பிள்ளையின் படம் பிரிண்ட் எடுக்கணும், அம்மாவோட வீடியோவில் பேசணும்' என்று எழுதுங்க. சாதாரண வீட்டுக்கு அந்தப் பட்டியல் பத்து, பன்னிரண்டு வரியைத் தாண்டாது. அதிலும் பாதிக்கு மேல் பிரவுசரிலேயே முடிகிற வேலை. அது எந்தப் பெட்டியிலும் ஒண்ணுதான்.

2. இரண்டாவது சாவி வேற இடத்தில் இருக்கணும்

ஸ்ட்ராங் ரூமின் மாற்றுச் சாவியை அதே கிளையில் வைக்க மாட்டாங்க. வேற கிளையில் சீல் வைத்துக் கொடுத்திருப்பாங்க. உங்க போட்டோ, சர்டிபிகேட், பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்க. எடுத்ததும் அதை வேற கணினியில் செருகித் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத கட்டு.

லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வையுங்க. லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸ் திடீரென்று அதைக் கேட்கலாம்.

3. பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்க

பலருக்குத் தெரியாத விஷயம் இது. லினக்ஸை லேப்டாப்பில் போடாமலே, பென்டிரைவில் இருந்து அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸில் ரூஃபஸ் போன்ற இலவசக் கருவியால் பென்டிரைவைத் தயார் செய்து (அதில் ஏற்கெனவே இருப்பது அழிஞ்சிடும், ஜாக்கிரதை), ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப்பைத் தட்டணும். எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வருகிற திரையில் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்க.

அங்கே ஆறு விஷயம் பாருங்க: வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர், டச்பேட், மூடித் திறந்தால் முழிக்கிறதா. ஆறும் சரின்னா மேலே போகலாம். சரியில்லைன்னா பென்டிரைவை உருவிடுங்க, லேப்டாப் பழையபடி இருக்கும். பென்டிரைவில் ஓடும்போது மெதுவாத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு பண்ணாதீங்க.

4 ஜி.பி. ராம், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வகையோ லுபுண்டுவோ இலகுவா ஓடும். முடிந்தால் ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றிடுங்க. அதற்குப் போடுகிற காசு வீண் போகாது. அக்கா வீட்டு லேப்டாப்புக்கு நான் செய்த ஒரே செலவு அதுதான். பழைய டிஸ்கில் இருந்த விண்டோஸை அப்படியே அதுக்கு மாற்றிக்கிட்டோம். பிள்ளைக்குப் பரீட்சைக்கு வருவது என்பதால் கைட் லினக்ஸையே போட்டோம்.

4. கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும்

எந்த பேங்கும் பழைய லெட்ஜரைக் கிழிச்சுட்டு புதுசைத் திறக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்து பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் பழசை மூடும். லினக்ஸ் போடும்போது இரண்டு வழி கேட்கும்: 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு', 'டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு'. புதுசா பழகுகிறவர் முதல் வழியை எடுங்க. இரண்டாவதை அமுக்கினால் விண்டோஸும் போகும், உங்க கோப்பும் போகும். அந்தத் திரையில் மட்டும் இரண்டு தடவை படிச்சுட்டு அமுக்குங்க.

இரண்டும் இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸில் இருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் தப்பாக் காட்டும். இந்தியாவில் ஐந்தரை மணி நேரம், இங்கே மஸ்கட்டில் நாலு மணி நேரம் பின்னால் போயிருக்கும். பேயெல்லாம் இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதும். நெட்டோடு சேர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிடும். நாம வெளிநாட்டுக்காரங்க, இரண்டு கடிகாரத்தோட வாழ்றது பழக்கமானதுதானே!

5. 'சி டிரைவ்' கிடையாது

லினக்ஸில் ஒரே மரம்தான். அடிவேர் ஒரு சாய்கோடு. அதிலிருந்து எல்லாம் கிளை பிரியும். ஜெனரல் லெட்ஜர் ஒன்று, அதற்குக் கீழே தலைப்புகள் என்பது போல. உங்களுக்கு வேண்டியது 'ஹோம்' என்ற கிளை மட்டும். அதற்குள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் இருக்கும். பென்டிரைவ் செருகினாலும் பக்கத்துப் பட்டியில் பெயரோடு வரும். மீதிக் கிளைகள் மேனேஜர் கேபின் மாதிரி. இப்போதைக்கு உள்ளே போக வேண்டாம்.

கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேற வேற. தமிழில் பெயர் வையுங்க, அந்தப் பிரச்சினையே இல்லை :-)

6. பாஸ்வேர்ட் கேட்டால் பயப்படாதீங்க

ஏதாவது புதுசா நிறுவினால் லினக்ஸ் பாஸ்வேர்ட் கேட்கும். லாக்கர் திறக்க பேங்க் சாவியும் வேணும், கஸ்டமர் சாவியும் வேணும் இல்லையா, அந்த மாதிரி. நீங்க கேட்காமல் அந்தப் பெட்டி வந்தால் மட்டும் நிதானியுங்க, கேன்சல் பண்ணுங்க.

புது சாப்ட்வேர் வேணும்னா கூகுளில் தேடி, கண்ட தளத்தில் இருந்து இறக்காதீங்க. லினக்ஸிலேயே சாப்ட்வேர் சென்டர் இருக்கும். அதில் பெயரைத் தட்டினால் கிடைக்கும். நோட்டு கரன்சி செஸ்ட்டில் இருந்து வரணும், தெருமுனையில் இருந்து வரக்கூடாது.

7. கறுப்புத் திரை

டெர்மினல் என்ற கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஓடுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்க கிளையே யூனிக்ஸில் ஓடியது. கறுப்புத் திரை, வெளிர் எழுத்து. பத்தாவது படித்த கேஷியர் அண்ணன் அதில்தான் நாள் முழுக்கப் பணம் கட்டி எடுத்தார். அது யூனிக்ஸ் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் பயப்படவும் இல்லை.

வீட்டு உபயோகத்துக்கு இப்ப டெர்மினல் அநேகமா தேவைப்படாது. தேவைப்பட்டால் மூன்று விஷயம் போதும். ஒன்று, பாஸ்வேர்ட் அடிக்கும்போது பல பதிப்புகளில் திரையில் ஒன்றும் தெரியாது, புள்ளி கூட வராது. கீபோர்ட் கெட்டுப்போச்சு என்று நினைக்காமல் அடிச்சுட்டு என்டர் தட்டுங்க. இரண்டு, அங்கே அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். மூன்று, நெட்டில் யாரோ எழுதிய கட்டளையை அது என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டாதீங்க. வெத்து செக்கில் கையெழுத்துப் போடுவீங்களா?

8. தமிழ்

செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை இருக்கும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைக்கிற பழக்கம் உள்ளவங்க ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் நிறுவினால் அந்த முறையும் வரும். பட்டியலையே தமிழில் வைக்கலாம். தன்னார்வலர்கள் பல வருஷமா உட்கார்ந்து மொழிபெயர்த்தது. முழுசா இருக்காது, அங்கங்கே ஆங்கிலம் தலைகாட்டும். ஆனா 'கோப்பு', 'சேமி', 'அச்சிடு' என்று தமிழில் பார்க்கிறது ஊரில் இருக்கிற அம்மா, அக்காவுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

9. நடக்காததும் உண்டு

லினக்ஸில் எல்லாம் நடக்கும் என்று சொல்கிறவரை நம்பாதீங்க. டேலி அதில் நேரடியா ஓடாது. மேக்ரோ எழுதிய பெரிய எக்ஸெல் கோப்புகள் லிப்ரே ஆபீஸில் தடுமாறும். சாதாரண வேர்டு, எக்ஸெல் கோப்பு திறக்கும், ஆனா எழுத்துரு மாறி வரி கொஞ்சம் நகரலாம். அதனால வெளியே அனுப்புவதை பி.டி.எஃப். ஆக அனுப்புங்க. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சிலதுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, சிலதுக்கு இல்லை. கேட்டுட்டு வாங்குங்க. பிரிண்டரில் எச்.பி. பெரும்பாலும் தகராறு இல்லாமல் ஓடும். உங்க பிழைப்பே டேலியில் என்றால் ஆதரவுள்ள விண்டோஸ் மெஷின் ஒன்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

அக்காவின் கணக்கு

இத்தனையும் படிக்கிறப்ப 'நமக்கு வயசாச்சு, இதெல்லாம் எங்கே' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அக்கா அஞ்சாவதோடு நிறுத்தியவள். தமிழ் நல்லாப் படிப்பாள், கணக்கு மனசுக்குள்ளேயே போடுவாள். லயத்துப் பெண்களின் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு அவள்தான் செக்ரட்டரி. (1998-இல் கேரள அரசு தொடங்கிய திட்டம். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்து வாராவாரம் சேமிப்பார்கள்.) அந்தச் சேமிப்பு நோட்டை வைத்துத்தான் பேங்க் அவர்களுக்குக் கடன் கொடுக்கும். பேங்க்காரன் என்கிற முறையில் சொல்றேன், ஒரு குழு கடன் கேட்டு வந்தால் நாங்கள் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். தோட்ட வேலை நின்றுபோன ஊரில், ஒரு வீட்டுக்கு ஆடு வாங்குவதும் இன்னொரு பிள்ளைக்கு நர்சிங் பீஸ் கட்டுவதும் அந்த நோட்டை நம்பித்தான்.

மகள் கால்க்கில் அந்த நோட்டை அப்படியே தமிழில் போட்டுக் கொடுத்தாள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: மூன்று மாசம் நோட்டிலும் எழுதணும், பெட்டியிலும் போடணும், மாசக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகணும்.

2025 அக்டோபர் ஒத்துப்போனது. நவம்பர் கடைசியில் பலா மரத்தடியில் இருந்து போன். "தம்பி, நோட்டுல 2,600 வருது. பெட்டியில 2,400 வருது. பெட்டி பொய் சொல்லுது."

பன்னிரண்டு பேர், வாரம் ஐம்பது, மாசம் 2,400. நவம்பரில் பதின்மூன்றாவதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவள் பெயரைக் கடைசி வரியில் எழுதினார்கள். கூட்டல் சூத்திரமோ பன்னிரண்டாவது வரியோடு நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு புதுசாச் சேர்ந்த பெண்ணின் இருநூறு ரூபாய் கணக்கிலேயே வரவில்லை.

"பெட்டி பொய் சொல்லலக்கா. எத்தன வரி கூட்டச் சொன்னியோ அத்தன வரிதான் கூட்டியிருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப இதுவும் நம்ம மேஸ்திரி மாதிரிதான். சொன்னத மட்டும் செய்யும். நாமதான் எண்ணிப் பாக்கணும்" என்றாள். நாற்பது நாள் கம்ப்யூட்டர் கிளாஸில் சொல்லித் தர வேண்டிய பாடம், ஒரு வரியில்.

சூத்திரத்தை நீட்டுவது எப்படி என்று மகள் காட்டினாள். டிசம்பரில் புள்ளி பிசகாமல் ஒத்துப்போனது. ஜனவரியில் விண்டோஸ் பகுதியை அழிக்கலாமா என்று மகள் கேட்டபோது, அக்காதான் அனுமதி கொடுத்தாள். நோட்டை மட்டும் விடவில்லை. பேங்க் நோட்டைத்தான் கேட்கும் என்கிறாள். சரிதான்.

தூரத்தில் இருந்து சொல்லித் தருகிறவர்களுக்கு

நம்மில் பலரும் பிள்ளைகளுக்கோ அம்மா அப்பாவுக்கோ போனில்தான் சொல்லித் தருகிறோம். மூன்று விஷயம் உதவும்.

'அந்தப் பக்கம் மேலே' என்று சொல்லாதீங்க, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களையே வாசிக்கச் சொல்லுங்க. வாசிக்கும்போதே பாதி நேரம் அவர்களுக்கே விடை தெரிந்துவிடும்.

ஒரு போனுக்கு ஒரு வேலை மட்டும். ரேஞ்ச் எப்ப போகும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, ஊருக்குப் போனால் மவுஸை வாங்கிச் செய்து காட்டாதீங்க. அக்கா மகள் தன் அம்மாவுக்குச் சொல்லித் தரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். "நான் செஞ்சா நான்தான மாமா படிப்பேன்" என்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் ஒரு பென்டிரைவ் தயார் செய்து, ஆறு விஷயத்தையும் சோதித்துப் பாருங்க. நோட்டின் இடது பக்கத்தை அன்னைக்கே எழுதிடுங்க. வலது பக்கம் தானா நிரம்பும்.

பி.கு.: அந்தப் பென்டிரைவ் மேல் 'லினக்ஸ்' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்க. இல்லாட்டி வீட்டுல யாராவது அதில் கல்யாண வீடியோ ஏத்திடுவாங்க :-)